தந்தையார் விட்டுச் சென்ற மோட்டார்

மும்பை மாநகரில் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றின் கட்டட முற்றத்தில், தார்ப்பாய் போர்த்தி நிற்கும் பெரிய அமெரிக்க மோட்டார் ஒன்றை இன்றும் காணலாம். குடும்பத் தலைவர் உத்தியோகத்தில் உயர்ந்த நாளில், வேறொருவர் ஓட்டிய வண்டியை வாங்கி, ஞாயிறுதோறும் தம் கையாலேயே துடைத்து வைத்திருப்பார். அவர் மறைந்தபின் மழைக்காலந்தோறும் தார்ப்பாய் மாறிற்றேயன்றி வண்டி அசையவில்லை. இப்பொழுதோ கட்டடத்தை இடித்துப் புதிதாக எழுப்பப் போகின்றனர். முற்றத்தைக் காலி செய்யுமாறு கடிதம் வருகின்றது. உடன்பிறந்தார் கூடிப் பேசுகின்றனர். ‘பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிடலாம்’ என்கிறார் ஒருவர். ‘பளபளவென்று பெயிண்ட் அடித்தால் பெரும் விலைக்குப் போகும்’ என்கிறார் மற்றொருவர்.

இவ்விரண்டு யோசனைகளையும் நாம் ஏற்பதற்கில்லை. பழைய வண்டியைப் பழுது பார்த்து விற்பதில் முதற்பணம் பிரேக்குக்கும் பத்திரங்களுக்கும் செல்லவேண்டும். பூச்சுக்குக் கடைசிப் பணமே போதும். செய்த பழுது எது, செய்யாது விட்டது எது என்பதை எழுதி, வாங்குவோர் கையில் கொடுத்தல் வேண்டும். இத்திங்கள் நாம் கூற விழைவது இதுவே.

இவ்வண்டிகள் யாவும் கடல் கடந்து முழுதாக வந்தவை என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1928இலேயே பம்பாய் சிவ்ரியில் வண்டிகளைப் பூட்டி முடிக்கும் தொழிற்சாலையைத் தொடங்கினர். வால்சந்த் ஹீராசந்த் 1944இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், 1947 முதல் கிறைஸ்லர் குடும்பத்து வண்டிகளான பிளிமத், டாட்ஜ், டிசோட்டோ ஆகியவற்றைக் குர்லாவில் பூட்டியது. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூடிபேக்கரைப் பூட்டிற்று. உள்நாட்டிலேயே பாகங்களை உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்களே நீடிக்கலாம் என்ற கொள்கை வந்தபின், 1954இல் ஜெனரல் மோட்டார்ஸ் இங்குத் தொழிலை முடித்துக்கொண்டது. ஆகவே நம் முற்றத்தில் நிற்கும் பிளிமத் குர்லாவின் பிள்ளையாகவே இருக்கக்கூடும்.

இதனால் ஒரு நன்மையும் உண்டு. அயல்நாட்டுச் சந்தைக்கென விற்கப்பட்ட டாட்ஜ் கிங்ஸ்வே, டிசோட்டோ டிப்ளமாட் ஆகியவை முகப்பும் சின்னமும் மாறிய பிளிமத்துகளே. ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தும். உதிரிப்பாகம் தேடுவோர் ‘பிளிமத்’ என்று மட்டும் கேளாது மற்ற இரு பெயர்களையும் சேர்த்துக் கேட்டல் நலம்.

இனிப் பத்திரங்கள். வண்டி இன்னும் தந்தையார் பெயரிலேயே இருக்குமாயின், எந்தத் திருகாணியையும் தொடுமுன் அதனை மாற்ற வேண்டும். உரிமையாளர் காலமான 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்கு அறிவித்து, 3 திங்களுக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. காலம் கடந்திருப்பினும் அலுவலகத்தை நாடித்தான் தீரவேண்டும். உடன்பிறந்தார் அனைவரின் சம்மதத்தையும் எழுத்தில் பெற்றுவிடுதல் நலம். பணம் கைக்கு வந்தபின் எழும் மனத்தாங்கல், வண்டியின் துருவைக் காட்டிலும் ஆழமாக அரிக்கும்.

50 ஆண்டுகள் கடந்த வண்டிகளுக்கென்று 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகளை வெளியிட்டது. மூல வடிவில் காக்கப்பட்டு, பெரிய மாற்றம் எதற்கும் உட்படாத வண்டியே பழம்பெரும் வண்டி என்று கொள்ளப்படும். புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். சான்று 10 ஆண்டுகளுக்குச் செல்லும். முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாள்தோறும் அலுவலகம் செல்லவோ, வாடகைக்கு விடவோ இயலாது. கண்காட்சி, ஊர்வலம், பழுதுபார்ப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் செல்லலாம்.

‘மூல வடிவு’ என்ற இடத்தில்தான் பல குடும்பங்கள் இடறுகின்றன. 1973இல் எண்ணெய் விலை ஏறியபின், இவ்வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்தினர். பெர்கின்ஸ் வகை டீசல் எஞ்சின்களைச் சென்னை சிம்சன் கம்பெனியார் உரிமம் பெற்று இங்கேயே தயாரித்தனர். எனவே அவை எளிதில் கிடைத்தன. அன்று அது சிக்கனம். தந்தையாரை இதற்காக யாரும் குறை கூற முடியாது. இன்றோ அம்மாற்றமே வண்டியின் மதிப்பைக் குறைக்கின்றது. ஆகவே எஞ்சின் எண்ணையும் சட்டத்தின் எண்ணையும் பதிவுப் புத்தகத்தோடு முதலில் ஒத்துப் பார்க்கவேண்டும். ஒவ்வாவிடில் உள்ளது உள்ளபடி கூறுதலே வழி. எண்ணைத் தேய்த்துப் புதிதாகப் பொறித்துத் தருகிறோம் என்று எவரேனும் முன்வருவாராயின், அவரை வாசலோடு அனுப்பிவிடுக. அது பழுதுபார்ப்பு அன்று, குற்றம்.

அடுத்தது பிரேக். 1950களின் பிளிமத்தில் முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீல் சிலிண்டர், பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, ஆக ஆறு. இவ்வாறுக்கும் சேர்த்து மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே. இக்காலத்து வண்டிகளில் உள்ளது போன்ற இரட்டை வழி அதில் இல்லை. ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். ஹேண்ட் பிரேக்கோ சக்கரங்களில் இல்லாமல் கியர் பாக்ஸின் பின்புறம் உள்ள உருளையைப் பற்றுவது. நிறுத்திய வண்டியைப் பிடித்து வைக்க உதவுமேயன்றி, ஓடும் வண்டியை நிறுத்த அதனை நம்பலாகாது. ஆதலால் ரப்பர் குழாய், எஃகுக் குழாய், சிலிண்டர்களின் ரப்பர் யாவற்றையும் மாற்றாமல் அவ்வண்டியை ஒருவருக்கும் ஓட்டிக் காட்டலாகாது. ‘கொஞ்சம் பிடிக்கிறது, போதும்’ என்ற சொல் இங்கு உதவாது.

சக்கரத்தைக் கழற்றுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கிறைஸ்லர் வண்டிகளில் இடப்புறச் சக்கரங்களின் நட்டுகள் இடப்புரி உடையவை. வழக்கத்துக்கு மாறான திசையில் திருகினால்தான் கழலும். இதனை அறியாதார் நீண்ட குழாயை மாட்டி அழுத்தி, போல்ட்டுகளையே முறித்துவிடுவர். பின் சக்கரத்து டிரம் கூம்பு வடிவான ஆக்சிலில் இறுகி நிற்பது; அதற்கென உள்ள புல்லரைக் கொண்டே எடுக்கவேண்டும். சம்மட்டியைத் தூக்கும் மெக்கானிக்கை அப்பொழுதே நிறுத்திவிடுக. இவ்விரண்டையும் கேட்காமலே கூறுபவர் இவ்வண்டியை அறிந்தவர் என்று நம்பலாம்.

எஞ்சின் ஆறு சிலிண்டர் உடையது. வால்வுகள் தலையில் இல்லாமல் பக்கத்தில் அமைந்தவை. பொறுமையாகக் கையாண்டால் நெடுநாள் உழைக்கும். பல ஆண்டுகள் நின்ற எஞ்சினை உடனே பாட்டரி கொடுத்துச் சுழற்றலாகாது. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் மெல்லிய எண்ணெய் விட்டுச் சில நாட்கள் ஊறவைத்து, கையால் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். நீர் பம்புக்குப் பின்னால், எஞ்சினுக்குள்ளேயே, வால்வுகளைக் குளிர்விக்க நீரைப் பகிர்ந்து கொடுக்கும் தகட்டுக் குழாய் ஒன்று நீளவாட்டில் செல்கின்றது. அது துருப்பிடித்து அற்றுப்போனால் முன் சிலிண்டர்கள் குளிர்ந்திருக்க, பின்னவை கொதிக்கும். ரேடியேட்டரை மாற்றியும் சூடு தணியவில்லை என்போர் பலர் இக்குழாயைப் பார்க்காதவரே.

மின்சாரம் 6 வோல்ட். 1956க்கு முற்பட்ட பிளிமத்தில் பாட்டரியின் நேர்முனையே சட்டத்தோடு இணைந்திருக்கும். இன்றைய வழக்கப்படி எதிர்முனையை இணைத்தால் கேடு விளையும். பழைய பெட்ரோல் டாங்கியைக் கழற்றிக் கழுவுதல் வேண்டும். இப்பொழுது விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதால், அக்காலத்து ரப்பர் குழாயும் பம்பின் சவ்வும் அதனைத் தாங்கா. எத்தனாலுக்கு ஏற்றவற்றை வாங்கிப் பொருத்துவித்தல் நன்று.

கடைசியாகவே உடலும் பூச்சும். மும்பை மழை முதலில் தின்பது காலடித் தகட்டையும் கதவுகளின் அடிப்பகுதியையும். துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதே டிங்கரிங். துருவின் மேல் பட்டியை அப்பித் தேய்த்துப் பெயிண்ட் அடிப்பது மறைத்தல். அறிந்து வாங்குவோர் சட்டைப் பையில் சிறு காந்தம் கொண்டு வருவர். அது ஒட்டாத இடத்தில் அவர் நம்பிக்கையும் ஒட்டாது. முழுப் பூச்சுக்குப் பணம் இல்லையெனின், மங்கிய பழைய பூச்சை அப்படியே விடுவதில் இழுக்கு ஒன்றுமில்லை. மூலப் பூச்சும், மூலக் குஷனும், கிழியாத கண்ணாடி ரப்பரும் உள்ள வண்டியைத் தேடி வாங்குவோர் உளர். வாங்குவோர் தம் விருப்பப்படி பூசிக்கொள்வர். நாம் அவசரமாகப் பூசியதைச் சுரண்டும் செலவையும் விலையிலிருந்தே கழிப்பர்.

இவ்வளவும் செய்தபின் ஒரு தாளில் எழுதுக: ‘பிரேக் முழுவதும் புதிது. எஞ்சின் மூல எஞ்சின், ஓடுகிறது, பிரித்துப் பார்க்கப்படவில்லை. காலடித் தகடு இருபுறமும் மாற்றப்பட்டது. இடப்பக்கப் பின்கதவின் அடியில் துரு உண்டு. மணிகாட்டி ஓடவில்லை.’ பழுது பார்த்த ரசீதுகளையும், கழற்றிய பழைய பாகங்களையும், படங்களையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். குறையை நாமே எழுதிக் கொடுத்தால் விலை குறையாதோ என்று சிலர் அஞ்சுவர். சிறிது குறையலாம். ஆயின் எழுதாது விட்ட குறை வாங்குவோரின் கண்ணில் படும் நாளில், எழுதிய நிறைகளையும் அவர் நம்பமாட்டார். பிரேக்கைப் பற்றி மறைத்தாலோ, அது விலையோடு நில்லாது. சாலையில் செல்லும் பிறர் உயிரைத் தொடும்.

வரியைப் பற்றியும் ஒரு சொல். சொந்த உபயோகப் பொருளை விற்ற ஆதாயத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை என்பது பொது விதி. ஆயினும் 1983இல் 20,000 ரூபாய்க்கு வாங்கிய 1931ஆம் ஆண்டு ஃபோர்டு வண்டியைப் பின்னர் 21,00,000 ரூபாய்க்கு விற்ற ஒருவரின் வழக்கில், சொந்த உபயோகத்துக்குச் சான்று இல்லை என்று கூறி, ஆதாயத்துக்கு வரி உண்டெனப் பம்பாய் உயர்நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. ஆகவே தந்தையார் வண்டியில் குடும்பத்தோடு சென்ற நாளின் படங்கள், பழைய இன்ஷூரன்ஸ் தாள்கள், பெட்ரோல் ரசீதுகள் ஆகியவற்றை எறியாது வைத்திருத்தல் வேண்டும். விற்குமுன் கணக்கர் ஒருவரைக் கலந்துகொள்ளுதலும் நன்று.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பர். மோட்டாருக்கு அம்மொழி பொருந்தாது. இரும்பாக எடைக்குப் போனால் அதற்குக் கிடைப்பது இரும்பின் விலையே. பொய்ப் பூச்சோடு போனால் கிடைப்பது வசை. உண்மையை எழுதிய தாளோடும், நின்று பிடிக்கும் பிரேக்கோடும் அது வாயிலைக் கடந்து செல்லுமாயின், வாங்கியவர் நாளை நம் வீதியில் அதனை ஓட்டி வரும்போது, மக்கள் மாடியில் நின்று கூசாமல் கையசைக்கலாம். அந்த வண்டியை அவ்வளவு கருத்தாகத் துடைத்து வைத்தவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.