ஹெலிகாப்டர் இரைச்சல்: சராசரிக் கணக்கு மறைப்பது என்ன?

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் செல்லும் வழியில், உச்சிப்புளியில் 2009 முதல் ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானத் தளம் இயங்குகிறது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இந்தக் கடலோரத்தில் இன்னொரு மருத்துவமனைக்கு இடம் பார்த்தாலும், இருக்கும் மருத்துவமனைக்கு ஹெலிபேட் கேட்டாலும், இரைச்சல் ஆய்வு வீண்வேலை என்பார்கள் பலர். எப்போதோ வரும் ஹெலிகாப்டர் சராசரி வரம்பைத் தாண்டாது, மக்களுக்கு இந்தச் சத்தம் பழகிவிட்டது, வெட்டவெளியில் ஓசை கரைந்துவிடும், உயிரைவிடச் சத்தம் பெரிதல்ல என்பவை அவர்கள் சொல்லும் காரணங்கள். இவற்றில் ஒன்றுகூட ஆய்வைத் தவிர்க்கப் போதுமானதல்ல.

முதலில் சராசரி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், மருத்துவமனை போன்ற அமைதி மண்டலங்களுக்குப் பகலில் 50, இரவில் 40 டெசிபல் என வரம்பிட்டுள்ளன. பகல் வரம்பு என்பது காலை 6 முதல் இரவு 10 வரையிலான 16 மணி நேரத்தின் சராசரிக்கானது. வார்டின் வெளிச்சுவரில் அரை நிமிடம் 80 டெசிபல் இரைச்சல் எழுப்பி ஒரு ஹெலிகாப்டர் இறங்குவதாகக் கொள்வோம். அதைப் பகல் முழுவதற்கும் பரப்பினால் சுமார் 47 டெசிபல்தான் வரும். காகிதத்தில் விதி மீறப்படவில்லை. அதே ஹெலிகாப்டர் நள்ளிரவில் ஒரேயொரு முறை வந்தால், எட்டு மணி நேரச் சராசரியே 50 ஆகி, வரம்பை 10 டெசிபல் தாண்டிவிடும். திறந்த ஜன்னல் குறைப்பது ஏறத்தாழ 15 டெசிபல் மட்டுமே. ஆக, நோயாளியின் படுக்கையருகே 65 டெசிபல் ஒலிக்கும். இரவில் வார்டுக்குள் எழும் எந்தத் தனி ஓசையும் 40-ஐத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே பரிந்துரைத்தது. போதாக்குறைக்கு, வழக்கமான டெசிபல் அளவீடு தாழ்ந்த அதிர்வெண் ஒலியைக் குறைத்தே மதிப்பிடுகிறது. 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபல் கழிந்துவிடும். ஹெலிகாப்டர் சுழலியின் அடி ஒலியில் பெரும்பங்கு இந்தத் தாழ்ந்த பகுதியில்தான் இருக்கிறது. சுவரும் கண்ணாடியும் தடுக்கத் திணறுவதும் அதைத்தான்.

பழகிவிட்டது என்ற வாதம் வீட்டிலிருப்பவரை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. அறுவை முடிந்து நேற்று வந்து சேர்ந்தவருக்கும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் பழக அவகாசம் ஏது? ஏற்கெனவே கடற்படை ஹெலிகாப்டர்கள் பறப்பது ஆய்வின் தேவையைக் கூட்டவே செய்கிறது. இன்றைய இரைச்சல் எவ்வளவு என்று முதலில் அளந்தால்தான், புதிதாகச் சேரும் இரைச்சலுக்கு இடம் மிச்சமிருக்கிறதா என்பது தெரியும்.

வெட்டவெளி வாதம் பாதி உண்மை. தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். கட்டடங்களில் மோதி எதிரொலிக்காது. ஆனால் நீர்ப்பரப்பு ஒலியை உறிஞ்சுவதில்லை. காற்று வீசும் திசையில் ஒலி தரையை நோக்கி வளைகிறது. மண்டபம் போன்ற ஊர்களுக்கு வடகடலும் உண்டு, தென்கடலும் உண்டு. வாடைக் காற்றில் வடகரையும், சோழகக் காற்றில் தென்கரையும் கடல்மேல் பறக்கும் ஹெலிகாப்டரின் இரைச்சலைக் கூடுதலாக வாங்கும். ஒரு பருவத்தில் ஒரு நாள் மட்டும் எடுக்கும் அளவு, மற்றப் பருவத்துக்குச் சான்றாகாது.

கடைசி வாதம்தான் கனமானது. 1964 புயல் பாம்பன் ரயில் பாலத்தைச் சிதைத்தபோது ராமேஸ்வரம் தீவுக்குச் சாலைப் பாலமே இல்லை. அது 1988-ல்தான் வந்தது. இன்றும் சாலை வழிக்கு அந்த ஒரே பாலத்தை நம்பியிருக்கும் தீவுக்கு, நெருக்கடியில் ஹெலிகாப்டர் அவசியம். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒருவரை இறக்கிவிட வரும் ஹெலிகாப்டர் உள்ளே படுத்திருப்பவர்களின் தூக்கத்தைப் பறித்துத்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஹெலிபேட் எந்தப் பக்கம், வந்திறங்கும் பாதை எது, தீவிர சிகிச்சைப் பிரிவும் பச்சிளம் குழந்தைகள் பிரிவும் எங்கே, எந்த ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி என்பவை வரைபடத்தில் இருக்கும்வரை எளிதாக மாற்றக்கூடியவை. கட்டி முடித்தபின் மாற்றுவது பெரும் செலவு. அவசரப் பறப்புக்கு நேரக் கட்டுப்பாடு வேண்டாம். பயிற்சிப் பறப்பை இரவில் தவிர்க்கலாம்.

எனவே ஆய்வு நடக்கட்டும். அதுவும் சராசரியோடு நின்றுவிடாமல் நடக்கட்டும். ஒவ்வொரு பறப்பின் உச்ச அளவும், இரவுக்குத் தனிக் கணக்கும், தாழ்ந்த அதிர்வெண் அளவும், இரு பருவக் காற்றும், ஜன்னல் திறந்த வார்டுக்குள் எடுத்த அளவும் அதில் இருக்க வேண்டும். அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே அந்த அறிக்கையை மக்கள் முன் வைக்க வேண்டும்.