கலெக்டர் கையெழுத்துக்குக் காத்திருக்கும் விடுதலை

கொத்தடிமை முறை நம் நாட்டில் 1975 அக்டோபரில் அவசரச் சட்டம் மூலமும், மறு ஆண்டு பார்லிமெண்ட் நிறைவேற்றிய சட்டம் மூலமும் ஒழிக்கப்பட்டது. கடன்கள் ரத்தாயின. கடனைக் காட்டி வேலை வாங்குபவருக்கு மூன்றாண்டு சிறை, 2,000 ரூபாய் அபராதம். அடிமைகளைக் கண்டுபிடித்து விடுவிக்கும் பொறுப்பு கலெக்டருடையது. ஆனால், அந்தச் சட்டத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள் அல்லர், தொண்டு ஸ்தாபனங்களே.

டில்லிக்கு அருகே ஹரியானாவின் பரீதாபாத் மாவட்டக் கல் குவாரிகளின் கதை இதற்குச் சான்று. சுவாமி அக்னிவேஷ் 1981-ல் தொடங்கிய பந்துவா முக்தி மோர்ச்சா என்ற ஸ்தாபனம் அங்கே விசாரித்தது. மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தானிலிருந்து வந்த கூலிகள் அங்கே சிக்கிக் கிடந்தார்கள். 1982 பிப்ரவரியில் மோர்ச்சா நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்று, சுப்ரீம் கோர்ட் இரண்டு வக்கீல்களைக் குவாரிகளுக்கு அனுப்பியது. கல்தூசி மூச்சை அடைக்கிறது, குடிப்பது அசுத்த நீர், கல்லை அடுக்கி வைக்கோல் வேய்ந்த குடிசைகளே வீடு, சிலருக்கு வெளியேறவும் அனுமதியில்லை என்று அவர்கள் அறிக்கை தந்தார்கள்.

இதற்கு ஹரியானா சர்க்கார் சொன்ன பதில்தான் விசித்திரம். வற்புறுத்தி வேலை வாங்கப்பட்டிருக்கலாம். ஆனால் கடன் வாங்கியதற்கு ருசு இல்லாததால் அவர்கள் கொத்தடிமைகள் ஆகார் என்பது அதன் வாதம். எழுதப் படிக்கத் தெரியாத கூலியிடம் கடன் பத்திரத்தைக் கேட்கிறது ஒரு சர்க்கார்! 1983 டிசம்பர் 16 தீர்ப்பு இந்த வாதத்தைத் தள்ளிற்று. ஒருவரிடம் வற்புறுத்தி வேலை வாங்கப்படுவது தெரிந்தாலே, பின்னால் முன்பணம் இருக்கிறது என்று கோர்ட் அனுமானிக்கும். இல்லையென்றால் முதலாளியோ சர்க்காரோ ருசுப்பிக்கட்டும் என்றது. இன்றுவரை தொண்டர்கள் கையிலுள்ள பலமான ஆயுதம் அதுவே. தீர்ப்போடு 21 உத்தரவுகளும் பிறந்தன. ஆயினும் 1991-ல் விஷயம் மீண்டும் கோர்ட்டுக்கு வந்தபோது, குவாரிகளில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை.

நம்மவருக்கும் இதில் பங்குண்டு. நல்ல கூலி என்று ஆசை காட்டி மத்தியப் பிரதேசத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளருக்காக, மக்கள் சிவில் உரிமைக் கழகம் 1985-ல் சுப்ரீம் கோர்ட்டை நாடியது. அந்த வழக்கு பின்னர் தமிழ்நாட்டையே சோதிக்கும் வழக்காயிற்று. கோர்ட் நியமித்த கமிஷனர்கள், மாநிலத்தில் பத்து லட்சத்துக்கு மேல் கொத்தடிமைகள் உண்டென்று 1995-ல் மதிப்பிட்டார்கள். அந்த வழக்கு முடிந்தது 2012-ல்!

காற்று எதிர்த்திசையிலும் வீசுகிறது. 2011-ல் திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளை ஒன்றிலிருந்து 500-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். பெரும்பாலோர் ஒரிசாக்காரர்கள். இதில் சர்க்காருக்குத் துணை நின்றது இன்டர்நேஷனல் ஜஸ்டிஸ் மிஷன் என்ற ஸ்தாபனம்.

மீட்பதைக் காட்டிலும் கஷ்டம் அதற்குப் பிறகுதான். கலெக்டரோ சப்-கலெக்டரோ கையெழுத்திட்ட விடுதலைச் சான்றிதழ் கையில் இல்லாவிட்டால், மீட்கப்பட்டவர் சர்க்கார் கணக்கில் வெறும் வேலையற்றவர். அந்தக் காகிதம் இருந்தால்தான் கடன் செல்லாது என்று அடித்துச் சொல்ல முடியும்; மறுவாழ்வு உதவியும் கிடைக்கும். எனவேதான் அனுபவமுள்ள தொண்டர்கள், லாரி வந்தாலும் சான்றிதழ் வராமல் கூலிகளை ஏற்றுவதில்லை.

1978-ல் 4,000 ரூபாயாக இருந்த உதவி, 2016 திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய நிலையிலிருந்து மீண்டோருக்கு 3 லட்சம் என உயர்ந்தது. கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் உடனே கிடைப்பது முதலில் 20,000 என்றிருந்து, பிறகு 30,000 வரை என்றாயிற்று. மீதியோ வழக்கின் முடிவோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. சுருக்க விசாரணையில் கொத்தடிமை என்று தெரிந்தால் தண்டனை விவரத்துக்காக உதவியை நிறுத்த வேண்டாம் என்று விதியில் ஒரு வாசல் இருக்கத்தான் செய்கிறது. அந்த விசாரணையை நடத்த வேண்டியவர் யார்? ஏற்கெனவே நூறு பொறுப்புகளைச் சுமக்கும் அதே ரெவின்யூ அதிகாரி. வழக்கு நீளும்; சாட்சி சொல்ல வேண்டிய கூலி வேறு மாநிலத்தில் இருப்பார். பசிக்கும் அவர் வீட்டு வாசலில் இதற்குள் கங்காணி புதிய முன்பணத்தோடு நிற்பார்.

1.84 கோடிப் பேரை 2030-க்குள் விடுவிப்போம் என்று மத்திய சர்க்கார் 2016-ல் கூறியது. 1978 முதல் அதுவரை மறுவாழ்வு பெற்றவர்களோ சுமார் 2.8 லட்சம் பேர்தாம். ஆள் கடத்தலை அம்பலப்படுத்தும் வேலையைத் தொண்டு ஸ்தாபனங்கள் செய்துவிடும். சான்றிதழ் தர அவற்றுக்கு அதிகாரமில்லை. கூலி ரயிலேறும் முன் சுருக்க விசாரணையை முடித்து, அவரது வாக்குமூலத்தையும் பதிவு செய்துவிட வேண்டும் என்று கலெக்டர்களுக்குக் கண்டிப்பான கெடு விதிப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மாநில சர்க்காரின் ஒரு சுற்றறிக்கை போதும்.