மேக்ரோவைக் கைவிடச் சொல்பவர்களுக்கு

அலுவலக மென்பொருளைப் பற்றிப் பேச்சு வந்தாலே, வேலைகளைத் தானாகச் செய்துதரும் சிறு நிரலான மேக்ரோ ஆபத்தானது, அரைகுறையானது, முறையாகச் செய்ய நினைப்பவர் மென்பொருளோடு சேர்த்து நிறுவும் நீட்சிதான் எழுத வேண்டும் என்று சொல்லிவிடுகிறார்கள். எக்செல் புழங்குபவர்கள் அதையே ஆட்-இன் என்பார்கள். இந்த அறிவுரையை அப்படியே ஏற்றால், தங்கள் வேலைக்கான நிரலைத் தாங்களே திறந்து திருத்தும் வசதியைக் கணக்கர்கள் இழந்துவிடுவார்கள்.

முதலில் ஆபத்து. 1999 மார்ச்சில் பரவிய மெலிசா, வேர்டு கோப்புக்குள் இருந்த ஒரு மேக்ரோதான்; அவுட்லுக் முகவரிப் பட்டியலின் முதல் 50 பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் 2022இல், இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது. நீட்சிகளும் தப்பவில்லை. எக்ஸ்எல்எல் என்ற வகை ஆட்-இன்களையும் தாக்குபவர்கள் கையில் எடுத்ததால், 2023இல் அவற்றுக்கும் அதே தடை வந்தது. லிப்ரே ஆபிஸில் நிலைமை இன்னும் தெளிவு. இயல்பான பாதுகாப்பு அமைப்பில், நம்பகமான கையொப்பம் இல்லாத, நம்பகமான கோப்புறையிலும் இல்லாத ஆவணத்தின் மேக்ரோ ஓடாது. நீட்சியையோ ஒருமுறை நிறுவிவிட்டால் போதும். பயனருக்குள்ள எல்லா உரிமைகளோடும் இயங்கும், மென்பொருள் திறக்கும்போதே தானாகத் தொடங்கவும் முடியும். உலாவித் தொழில்நுட்பத்தில் இயங்கும் புதுவகை ஆபிஸ் ஆட்-இன்கள் அப்படியல்ல, கட்டுக்குள் வைக்கப்பட்டவை என்று ஒருவர் சொன்னால், அது நியாயமான பதில். ஆனால் அவற்றை எழுத ஜாவாஸ்கிரிப்ட் தெரிய வேண்டும், பாதுகாப்பான இணைய சேவையகம் ஒன்றும் வேண்டும். மாதக் கடைசியில் ஒரு ஷீட்டைச் சரிபார்க்கும் கணக்கர் இத்தனைக்கும் எங்கே போவார்?

அடுத்து, மேக்ரோ கற்றுக்குட்டிகளின் வேலை என்ற பேச்சு. எக்செல்லில் விபிஏ மொழியில் எழுதிய மேக்ரோ உள்ள ஒரு கோப்பை எக்ஸ்எல்ஏஎம் என்று சேமித்தால் அதுவே ஆட்-இன். லிப்ரே ஆபிஸில் பேசிக் மொழியில் எழுதிய மேக்ரோ நூலகம் ஒன்றை நீட்சியாக ஏற்றுமதி செய்யும் வசதி மேக்ரோ அமைப்பாளரிலேயே இருக்கிறது. இரண்டிலும் ஒரு வரி நிரல்கூட மாறுவதில்லை. நேற்று அரைகுறையாக இருந்த நிரல் இருப்பிடம் மாறியதால் மட்டும் இன்று முறையானதாகிவிடாது.

இந்த இருப்பிடம்தான் உண்மையான வேறுபாடு. மேக்ரோ கோப்புக்குள் இருக்கலாம், நீட்சி மென்பொருளுக்குள் இருக்கிறது. ஒரு வட்டிக் கணக்குக்கான சூத்திரத்தை நீட்சியில் எழுதி, அந்த ஷீட்டைத் தணிக்கையாளருக்கு அனுப்பினால், அவர் கணினியில் நீட்சி இல்லாத நிலையில் மறுகணக்கீடு செய்ததும் கட்டங்களில் பெயர்ப் பிழைதான் மிஞ்சும். அதே சூத்திரம் கோப்பின் மேக்ரோவில் இருந்தால் கணக்கோடு கணக்கின் விதியும் போய்ச் சேரும்; அவர் அதைத் திறந்து வரிவரியாகப் படித்த பிறகே அனுமதிக்கலாம். ஐந்தாண்டு கழித்துப் பழைய கோப்பை எடுப்பவருக்கும் இது பொருந்தும். அந்த நீட்சியை எழுதியவர் அதற்குள் வேலை மாறியிருக்கலாம், புதிய பதிப்புக்கு அது பொருந்தாமலும் போயிருக்கலாம்.

நாற்பது கோப்புகளில் ஒரே மேக்ரோ படியெடுக்கப்பட்டால், ஒன்றில் திருத்திய பிழை முப்பத்தொன்பதில் தங்கிவிடுமே என்ற ஆட்சேபம்தான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அது சரி. கோப்புகள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்றால், எக்செல்லின் தனிப்பட்ட மேக்ரோ புத்தகமோ லிப்ரே ஆபிஸின் ‘என் மேக்ரோக்கள்’ பகுதியோ அதைத் தீர்த்துவிடும். பலருக்குப் பொதுவான தேவை என்றால் தீர்க்காது. தமிழிலேயே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பாமினியிலும் டாப், டாம் குறியாக்கங்களிலும் தட்டச்சான பழைய ஆவணங்களை யுனிகோடுக்கு மாற்றும் வேலை எந்த ஒரு கோப்புக்கும் உரியதல்ல. எழுத்துருவின் பெயர் பார்த்து, இடையிலுள்ள ஆங்கிலத்தைத் தொடாமல், கொம்பையும் காலையும் இடம் மாற்றும் அந்த நிரலில் ஒரு பிழை திருத்தப்பட்டால் அது எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும். போதாததற்கு, விபிஏ எடிட்டர் தமிழ் எழுத்துகளைக் கேள்விக்குறிகளாக்கிவிடும். ஒவ்வோர் எழுத்தையும் எண்ணால்தான் குறிக்க வேண்டும். இத்தனை பாடுபட்டு எழுதியதை ஒரு கோப்புக்குள் பூட்டி வைப்பது வீண். அங்கே நீட்சிதான் சரி. லிப்ரே ஆபிஸில் அதற்கு முதல் படியாக, சோதித்துப் பார்த்த பேசிக் மேக்ரோவையே ஏற்றுமதி செய்துகொள்ளலாம்.