ஏறாத சிகரத்துக்கும் ஒரு பெயர்

எஸ்.பி.எம். வரலாற்றுப் பாடத்துக்காக நான் மனனம் செய்த பெயர்களில் ஒன்று ஹியூ லோ. 1877 முதல் 1889 வரை பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட். தேர்வு முடிந்ததும் மறந்துவிட்டேன். பல்கலைக்கழகத்தில் அவர் வாழ்க்கையை விரிவாகப் படித்தபோதுதான், சிலிம் ரிவர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டியின் நினைவு வந்தது.

லோ 1824-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். செடிகளைத் தேடிப் போர்னியோவுக்கு வந்து, லாபுவானில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அதிகாரியாக இருந்தார். மலாய் மொழியை நன்கு கற்றார். முதல் ரெசிடென்ட் பர்ச் 1875-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட கொந்தளிப்பு ஆறாத பேராக்கில், மலாய்ப் பெருமக்களையும் சீனத் தலைவர்களையும் மாநில மன்றத்தில் அமரவைத்துக் கலந்து பேசினார். கடன் அடிமை முறை அவர் காலத்தில் ஒழிந்தது. இவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவரும் காலனி ஆட்சிக்காகவே உழைத்தார் என்பதையும் மறக்கக்கூடாது.

1851-இல் உள்ளூர் மக்கள் வழிகாட்ட, சுமை தூக்க, அவர் கினபாலு மலையேறினார். அதன் மிக உயர்ந்த சிகரத்தை அவர் எட்டவே இல்லை. ஆனாலும் அது இன்று 'லோ சிகரம்'! வழிகாட்டியவர்களின் பெயர் அங்கே இல்லை.

கோலகங்சாரில் அவர் ரப்பர் கன்றுகளை வளர்த்தபோது, அது வெறும் சோதனைச் செடி. 1905-இல் அவர் இறந்தார். அதன்பின் மோட்டார் வண்டிகள் பெருக, ரப்பர் விலை ஏற, கங்காணிகளோடு தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். காடு தோட்டமானது.

என் பாட்டி விடியுமுன் பெரட்டுக்கு நின்றார். பால்வாளி சுமந்து தோள் காய்த்துப்போனார். அவர் பெயர் இருந்த இடம் தோட்டத்துச் செக்ரோல் மட்டுமே. தோட்டம் செம்பனையாக மாறியபின் அந்த ஏடும் போன இடம் தெரியவில்லை.

லோவைப் பற்றி நாம் அறிவது எதனால்? அவர் எழுதினார், அவரைப் பற்றிப் பிறரும் எழுதினார்கள். நம்மவர்கள் எழுதவில்லை; எழுத நேரமும் இல்லை. நமக்கு இருக்கிறது. இந்த விடுமுறையில் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் உட்காருங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், எத்தனை வயதில் வேலை என்று கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பெயரும் ஆண்டும் குறித்து வையுங்கள்.

நான் என் பாட்டியிடம் கேட்காமல் விட்டேன். இப்போது கேட்க அவர் இல்லை.