தொழிலாளியின் நினைவும் வரலாற்றுச் சான்றே

சிவனசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் 1902ஆம் ஆண்டு முதலில் சென்றது கோலார் தங்கவயலுக்கு. பெங்களூரு நகரில் விளக்கு எரிந்ததோ 1905இல்தான். காலனியப் பொருளாதாரம் எவருக்காக இயங்கியது என்பதைப் புரிந்துகொள்ள இந்த மூன்றாண்டு இடைவெளியே போதும். அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்கள் வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். கம்பெனியின் அறிக்கைகளிலோ அவர்கள் ஆள்கணக்காகவும் விபத்துக்கணக்காகவுமே எஞ்சியிருக்கிறார்கள்.

1946 என்றதும் பம்பாய் கடற்படை எழுச்சியும் புன்னப்புரா-வயலாரும் தோழர்களின் நினைவுக்கு வரும். வயலார் நிகழ்ந்து ஒரு வாரமே கழிந்த நிலையில், நவம்பர் 4 அன்று, தங்கவயலில் காவல்துறையின் தாக்குதலில் ஆறு தொழிலாளர்கள் உயிர்நீத்தனர். இம்மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் மாணவருக்கே, அந்த ஆண்டில் நாடு எப்படிக் கொதித்துக் கொண்டிருந்தது என்பது விளங்கும். அதை நேரில் கண்டவர்கள் இன்று அநேகமாக இல்லை. அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளே முதியவர்களாகிவிட்டனர்.

1980 டிசம்பர் இறுதியில் தொடங்கி 77 நாட்கள் நீடித்த பெங்களூரு பொதுத்துறை வேலைநிறுத்தத்தின் நிலை வேறு. எச்ஏஎல், பிஇஎல், ஐடிஐ, எச்எம்டி, பிஇஎம்எல் தொழிலாளர்கள் சுமார் ஒன்றேகால் லட்சம் பேர், பிஎச்இஎல்-லுக்கு இணையான ஊதியம் கேட்டுப் போராடினர். அன்று இருபத்தைந்து வயதில் இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டியிருப்பார். அவரிடம் இன்னும் கேட்க முடியும். தலைவர்களின் அறிக்கைகள் அச்சில் இருக்கின்றன. சம்பளமில்லாத அந்த நாட்களில் அடுப்பு எப்படி எரிந்தது, மளிகைக் கடைக்காரர் எதுவரை கடன் கொடுத்தார், எந்த நகை அடகுக்குப் போனது என்பவை அச்சில் இல்லை. அவற்றைச் சொல்ல வேண்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

நினைவு பிழைபடும், அதை எப்படிச் சான்றாகக் கொள்வது என்ற ஐயம் நம்மிடையேயும் உண்டு. இத்தாலியின் தெர்னி நகரில் 1949 மார்ச்சில், நேட்டோ எதிர்ப்புப் பேரணியின்போது லூயிஜி திரஸ்துல்லி என்ற இளம் உருக்காலைத் தொழிலாளி கொல்லப்பட்டார். பிற்காலத்தில் தொழிலாளர்கள் பலர், அவர் 1953இல் ஆட்குறைப்புக்கு எதிரான போராட்டத்தில் இறந்ததாகவே கூறினர். அதை ஆராய்ந்த அலெஸாந்த்ரோ போர்தெல்லி, அவர்கள் சொன்னதைத் தள்ளிவிடவில்லை. ஆட்குறைப்பு அவர்களுக்கு எத்தனை பெரிய காயம் என்பதை அந்தப் பிழையிலிருந்தே கண்டறிந்தார். தேதிக்கு ஆவணத்தைப் பார்க்கலாம். காயத்துக்கு ஆளைத்தான் பார்க்க வேண்டும்.

பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் 2019இல் ஆவணக் காப்பகம் திறந்து, விஞ்ஞானிகளின் குரல்களைப் பாதுகாக்கிறது. நல்ல பணிதான். லேத் ஓட்டியவரின் குரலையும் எவரேனும் காக்க வேண்டுமல்லவா?

மாணவர் தோழர்கள் இதைத் தொடங்கத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டதிலிருந்து தங்கவயலின் இளைஞர்கள் வேலைக்காக மாரிக்குப்பம் ரயிலில் நாள்தோறும் பெங்களூரு வந்து திரும்புகிறார்கள். அவர்களுடைய வீடுகளே முதல் முகவரி. ஒன்றில் மட்டும் கவனம் தேவை: தங்கவயல் தமிழில் சொல்லப்பட்டதை உடனே ஆங்கிலமாக்கி மூலத்தைக் கைவிடக் கூடாது. கன்னடமும் உருதும் தெலுங்கும் கலந்த அந்தப் பேச்சைத் திருத்தாமல் எழுதி, ஒலிப்பதிவின் ஒரு படியைச் சொன்னவர் வீட்டிலும் மற்றொன்றைச் சங்க அலுவலகத்திலும் வைக்க வேண்டும்.