சகோதர நகரங்கள்

கடல் கடந்த இரு நகரங்கள் சகோதர நகரங்கள் என்று பெயர் சூட்டிக்கொள்ளும் வைபவங்களை நம் ஜனங்கள் அலட்சியமாகவே பார்க்கிறார்கள். மேயர்கள் விமானமேறுவார்கள், மாலைகள் விழும், உபசாரப் பத்திரங்கள் வாசிக்கப்படும், அவ்வளவே என்பது அவர்கள் எண்ணம். அது முற்றிலும் தவறென்று சொல்ல நமக்கும் துணிவில்லை. ஆயினும் ஐரோப்பாவில் நடந்த விஷயம் வேறு.

1870க்கும் 1945க்கும் இடையில் மும்முறை பொருதிய தேசங்கள் பிரான்ஸும் ஜெர்மனியும். யுத்தம் முடிந்து ஐந்தே ஆண்டுகளில், 1950இல், பிரெஞ்சு நகரமான மொன்பெலியாரும் ஜெர்மன் நகரமான லூட்விக்ஸ்பர்க்கும் நேசக்கரம் நீட்டின. மொன்பெலியாரின் மேயர் லூசியன் தாரதன், நாஜிகளின் புக்கன்வால்ட் முகாமில் சிறையிருந்தவர். பகை பாராட்ட எவருக்கேனும் உரிமை உண்டெனில் அவருக்கு உண்டு. அவரே கை நீட்டினார். இரு சர்க்கார்களும் நட்பு உடன்படிக்கை செய்துகொண்டதோ 1963இல்தான்!

அவ்வாண்டில் இளைஞர் பரிமாற்றத்துக்கென இரு நாட்டுக்கும் பொதுவான ஸ்தாபனம் ஒன்று எழுந்தது. அதன் வாயிலாகப் பயனடைந்த இளைஞர்கள் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். தொழில் பயிலும் பிள்ளைகளுக்கென்றே 1980இல் ஸார்ப்ரூக்கன் நகரில் தனி அலுவலகமும் ஏற்பட்டது. பட்டறையில் தொழில் பழகும் இளைஞன் சில வாரங்கள் அயல்நாட்டுப் பட்டறையில் நின்று வேலை கற்கிறான். நாம் விசேஷமாகக் கருதுவது இதையே. பட்டதாரிக்கு அயல்நாடு செல்ல வழிகள் பல. பட்டறைப் பையனுக்கு வழி காட்டுவார் யார்?

இனி நம் வீட்டு விஷயம். அமெரிக்காவின் டென்வர் நகரம் 1984 முதல் சென்னையின் சகோதர நகரம். எமிலி கிரிஃபித் என்னும் ஆசிரியை, கற்க விரும்பும் எவரையும் வரவேற்கும் தொழிற்பள்ளியை 1916இல் தொடங்கியது அந்நகரில்தான். பகலில் உழைப்போர் இரவில் வந்து தொழில் கற்ற பள்ளி அது. சென்னை மாநகராட்சியும் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகள் நடத்துகிறது. இவ்விரண்டையும் இணைப்பதைவிட இந்த உறவுக்குப் பொருத்தமான காரியம் வேறு என்ன இருக்கிறது?

ஆகவே நாம் கேட்கிறோம்: இத்தனை ஆண்டுகளில் மாநகராட்சிப் பள்ளி மாணவர் எத்தனை பேர் டென்வர் சென்றனர்? உபாத்தியாயர் எத்தனை பேர்? அங்கிருந்து வந்தோர் எத்தனை பேர்? யார் செலவில்? கட்டணப் பள்ளிச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் சென்று வந்தால் அதை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் அதை நகரத்தின் உறவு என்று ஒப்பவும் மாட்டோம். அடுத்த வரவுசெலவுக் கூட்டத்தில் மேயர் இக்கணக்கை மன்றத்தின் முன் வைக்கட்டும். கணக்கு இல்லையெனில், அதையாவது வெளிப்படையாகச் சொல்லட்டும்.