இரண்டு ஊசி, ஒரு நூல்

போன வாரம் என் அக்கா பிள்ளை அமெரிக்காவிலிருந்து வந்து வாசலில் இறங்கியதுதான் தாமதம், எதிர் வீட்டு மாமி ஓடி வந்துவிட்டாள். "ஏன்டி, உன் அக்கா பிள்ளை நாயனம் கற்றுக்கொள்கிறானா? சொல்லவே இல்லையே!" என்றாள். அவன் தோளில் நீளமாக ஒரு தோல் உறை தொங்கிற்று. மாமியின் பேரில் குற்றமில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

உள்ளே நாயனம் இல்லை. 'பூல்' ஆடும் கோல் இருந்தது. துணி விரித்த மேஜையின் மேல் பந்துகளைக் கோலால் தட்டிக் குழிகளில் விழச் செய்யும் ஆட்டம் அது.

"ஒரு கம்புக்கு இத்தனை அழகான சட்டையா? என்ன விலை கொடுத்தாய்?" என்று கேட்டேன்.

"விலைக்கு வாங்கவில்லை, சித்தி. நானே தைத்தேன். நாலு மாதம் ஆயிற்று" என்றான்.

வீட்டில் சட்டைப் பொத்தான் அறுந்தால் என்னிடம் நீட்டிக்கொண்டு வந்து நின்ற பிள்ளை இவன்! நான் காப்பியை ஆற்றுவதையே மறந்துவிட்டேன்.

முதல் சம்பளத்தில் ஆசையாக வாங்கிய கோலாம். மேப்பிள் மரத்தில் கடைந்தது. மொத்தம் சுமார் 58 அங்குல நீளம். நடுவில் திருகிக் கழற்றினால் இரண்டு துண்டாகும். வெயிலில் வைத்தாலும் ஈரம் பட்டாலும் மரம் வளைந்துவிடும். வளைந்த கோலின் பேச்சைப் பந்து கேட்குமா? அதனால்தான் உறை. முதலில் கடையில் ஒன்று வாங்கியிருக்கிறான். ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது அதன் அடித்தையலில் ஓர் இழை அறுந்தது. அடுத்தடுத்து எல்லாத் தையலும் விட்டுப் போய், கோல் படிப்படியாக உருண்டு கீழே விழுந்தது. நுனியில் பெரிய காயம்.

அந்த ஊரில் குதிரைச் சேணம் தைக்கும் கிழவர் ஒருவர் இருந்தார். சனிக்கிழமை தவறாமல் அவரிடம் போய் நின்றான்.

கிழவர் முதலில் தோலைப் பற்றிப் பாடம் நடத்தினாராம். எல்லாத் தோலும் இந்த வேலைக்கு உதவாது. குரோமிய உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும். ஆனால் அதில் சித்திரம் செதுக்கினால் நிற்காது. மரப்பட்டையின் துவர்ப்பில் ஊறிப் பதமான தோல்தான் வேண்டும். கடுக்காயைக் கடித்தால் நாக்கை இழுக்கிறதே, அதே துவர்ப்புதான். அங்கே வேறு பட்டைகள். நம் பக்கத்தில் திண்டுக்கல், திருச்சி முதலிய ஊர்களில் பேர் போனது ஆவாரம் பட்டை. அதில் பதனிட்ட சென்னைத் தோல் வெள்ளைக்காரன் காலத்திலேயே கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று.

தோலை ஈரத் துணியால் நனைத்து, கொஞ்ச நேரம் விட்டுத்தான் செதுக்க வேண்டும். ஈரம் கூடினால் பதித்த கோடு மங்கிவிடும். குறைந்தால் பதியவே பதியாது. முறுக்கு மாவு பிசைகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் சொல்லாமலே புரியும்! கத்தி தோலின் பாதிக் கனத்துக்கு மேல் இறங்கக் கூடாது. பிறகு முத்திரை உளியை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டத் தட்டப் பூ எழும்பி வரும். கோலத்தில் தவறினால் அழித்துப் போடலாம். இதில் ஒரு கீறல் தவறினால் தோலே வீண்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது தையல்தான். நம் தையல் மெஷினில் மேல் நூல் ஒன்று, அடி நூல் ஒன்று. இரண்டும் ஒன்றை ஒன்று கொக்கி போல் பிடித்துக்கொள்ளும். ஒன்று அறுந்தால் மற்றதற்குப் பிடிப்புப் போயிற்று. சேணத் தையலில் நூல் ஒன்றுதான். அதன் இரு முனையிலும் ஊசி. குத்தூசியால் போட்ட ஒரே துளையில் இந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஊசி, அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஊசி நுழைய வேண்டும். தேன்மெழுகு தடவிய நூல் ஆகையால் இறுக்கினால் அப்படியே நிற்கும். ஓர் இடத்தில் ஓர் இழை அறுந்தாலும் மறு இழை தாங்கும். இந்தத் தையலை மெஷினால் போட முடியாதாம்.

அங்குலத்துக்கு 7 தையல் என்றால், 30 அங்குல விளிம்புக்கு 210 துளை. ஒவ்வொன்றிலும் இரண்டு முறை ஊசி நுழைய, 420 தடவை!

"கிழவர் இதற்கு விலை சொன்னால், 'கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே' என்பார்களாம், சித்தி. அவர் பதிலே சொல்ல மாட்டார். ஒரு தையலைக் கத்தியால் அறுத்துவிட்டு, 'இப்போது இழுத்துப் பாருங்கள்' என்பார்."

எனக்குச் சுருக்கென்றது. அதற்கு முதல் நாள்தான் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும் பெண்ணிடம், "மெஷினில் தைத்தால் இதைவிட மலிவாயிற்றே" என்று வாதாடி இருபது ரூபாய் குறைத்திருந்தேன். முந்தைய புடவைகளுக்கு அவள் கையால் போட்ட தையல் ஒன்றாவது இதுவரை விட்டதுண்டா? அதை நான் ஏன் நினைத்துப் பார்க்கவில்லை?

உறையைத் தடவிப் பார்த்தேன். ஓரமெல்லாம் வழவழவென்று தேய்த்திருந்தான். மேலே ஐந்து இதழ்ப் பூ.

"ரோஜாவா?"

"சேணம் தைப்பவர்கள் காட்டு ரோஜாதான் போடுவார்கள். நான் ஆவாரம்பூ போட்டேன், சித்தி" என்றான்.

சாயங்காலம் அந்தப் பெண் புடவையைக் கொண்டு வந்தாள். குறைத்த இருபதையும் சேர்த்துக் கொடுத்தேன். "எதற்கம்மா?" என்று விழித்தாள்.

"எண்ணிப் பார்த்தேன், அதுதான்" என்றேன்.